பேனாவோடு புத்தகமும்

2011-ம் வருஷத்தை மாத்தூர் விசுவாசிகள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர் கல்வி வந்தது. புத்தகம் அச்சாகியும் வழக்கினால் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. ஆகஸ்ட் 9-ல்தான் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. அண்ணன் படித்த பழைய நோட்ஸ் உதவாது. "ஐயா, பையன் ஃபெயிலாயிடுவானோ"ன்னு தாய்மார் அழுதார்கள். 2020 மார்ச்சில் பிளஸ் டூ பிள்ளைகள் புதிய பாடத்தில் முதல் பரீட்சை எழுதியபோதும் அதே கண்ணீர்.

தானியேலைப் பாருங்கள். பாபிலோனில் எழுத்தும் வேறே, பாஷையும் வேறே. மூன்று வருஷப் படிப்பு. அந்தப் படிப்பில்தான் தேவன் அவனுக்குச் சாமர்த்தியம் கொடுத்தார் (தானியேல் 1:17).

பரீட்சை ஜெபத்துக்குப் பேனா கொண்டு வருகிறீர்கள். ஸ்தோத்திரம், நானும் கை வைத்து ஜெபிக்கிறேன். ஆனால் யோவான் 14:26-ன்படி, சீஷர்கள் இயேசுவிடம் கேட்டிருந்ததைத்தானே ஆவியானவர் நினைப்பூட்டினார்? திறந்தே பார்க்காத பாடத்தில் எதை நினைப்பூட்டுவது? (பேனா தானா எழுதாதுங்க!)

வருகிற வெள்ளிக்கிழமை புதுப் புத்தகத்தையும் கொண்டு வரட்டும். புரியாத பக்கத்தைத் திறந்து வைத்தே ஜெபிப்போம். சபையில் டீச்சராக இருக்கும் சகோதரிகள் ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளோடு உட்காருவார்கள். அல்லேலூயா!