அழுங்கல்: ஓசையும் இரக்கமும்

பேரோசையைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கும் அரவப் பொருளன என்று தொல்காப்பியத்து உரியியல் கூறுகின்றது. அவற்றுள் அழுங்கல் என்பதற்கு இரக்கம், கேடு என வேறு இரு பொருள்களும் உண்டென அவ்வியலே தொடர்ந்து உரைக்கின்றது. ஓசையும் கேடும் இரக்கமும் ஒரு சொல்லில் ஒருங்கே அமைந்தமை ஓர் அறவினாவை எழுப்புகின்றது. பேரோசை செவியிற் பட்ட மாத்திரத்தே, கேட்டவனுக்கு இரங்கும் கடமையும் உண்டாகின்றதா?

திருகோணமலைத் துறைமுகச் சூழல் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றது. கோணேசர் மலையின் அடியிற் கடல் இடையறாது மோதி ஆர்க்கின்றது. அவ்வொலி பெரிதாயினும் அதனால் எவர்க்கும் அழிவில்லை. திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்திற் கடலாரவாரம் இறைவன் உறைவிடத்தின் சிறப்பாகவே பாடப்பெற்றுள்ளது. இங்கு இரக்கத்துக்கு இடமில்லை.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை எழுந்த ஓசை வேறு வகையது. யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முந்திய இரவு இத்துறையை விட்டகன்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட, 307 பேர் மாண்டனர். இத்தகைய நிகழ்ச்சிகளை விவரிப்போர் 'பீரங்கி முழக்கம்' என எழுதுதல் வழக்கம். முரசுக்கும் மேகத்துக்கும் உரிய அச்சொல் ஓசைக்குப் பெருமிதம் சேர்க்கின்றது, மாண்டோரை மறைக்கின்றது. அழுங்கல் என்னும் பழஞ்சொல்லோ, ஓசையுடன் அழிவையும் சேர்த்தே நினைப்பிக்கின்றது.

ஆயின், ஓசை பெரிதானால் மட்டுமே இரங்குவது போதுமா? இம்மாவட்டக் கடலில், சட்டம் தடுத்தும், வெடிவைத்து மீன்பிடித்தல் நிகழ்கின்றது. நீருள் எழும் ஓசையின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே நீர்ப்பரப்பைக் கடந்து காற்றிற் புகும். ஆதலாற் கரையில் நிற்பவன் கேட்பது பெரும்பாலும் அமுங்கிய ஓர் அதிர்வையே. நீருள்ளே மீன்குஞ்சுகள் மடிகின்றன, பவளப்பாறைகள் சிதைகின்றன, நாளை அங்கு வலைவீச வருவோனின் பிழைப்பும் உடன் சிதைகின்றது. அரவம் சிறிது, கேடு பெரிது.

எனவே ஓசையின் அளவைக் கொண்டு அழிவின் அளவை அறிதல் இயலாது. செவி ஓசையை மட்டுமே உணரும். அதனால் அழிவது யாது என வினவுதல் அறிவின் செயல். அவ்வினாவை எழுப்பாதவனிடத்து இரக்கம் பிறத்தற்கு வழியில்லை. கேட்டவன்மேல் முதலில் விழும் கடமை அவ்வினாவே. இடைநின்ற அவ்வினாவைக் கைவிடுவோர்க்கு அழுங்கல் என்பது வெறும் அரவமாகவே எஞ்சும்.