ஊர் திரும்புவதற்கு விலை என்ன?

பிற நாடுகளில் உழைத்து வாழ்வோர் ஊர் திரும்புகின்ற பருவங்கள் சில உள. சித்திரைப் புத்தாண்டு ஒன்று, நத்தார் ஒன்று, ஐரோப்பாவிற் பாடசாலைகள் மூடப்பட, நல்லூரிலே திருவிழா நடைபெறும் காலம் மற்றொன்று. நோன்புப் பெருநாளும் தீபாவளியும் அவ்வாறானவையே. இப்பருவங்களில் விமானப் பிரயாணச்சீட்டின் விலை ஏறுகின்றது, விமானங்கள் தாமதிக்கின்றன, பெட்டிகள் தவறிப் போகின்றன, இடைவழி நிலையங்களிற் குழந்தைகள் வெறுந்தரையில் உறங்குகின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் குவைத்திலும் இருந்து வருவோர் இவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அப்பேச்சு எளிதில் முடிவதில்லை.

ஆகாயத்திற் பறப்போரின் முணுமுணுப்புக்குச் சமுதாயப் பிரச்சினைகளை ஆராயும் ஏடொன்றில் இடமேது என்று சிலர் வினவலாம். பஸ்ஸுக்குக் காசில்லாது நடந்து செல்வோர் வாழும் நாட்டில் இவ்வினா நியாயமானதே. எனினும், இம்முணுமுணுப்பைச் சற்றுக் கூர்ந்து செவிமடுப்போமாயின், அதனுள்ளே மிகப் பழையதோர் அறவினா ஒலிப்பதைக் கேட்கலாம். ஒருவனுடைய தேவை எவ்வளவு கடுமையானதோ, அவ்வளவுக்கு அவனிடம் விலை பெறுவது நீதியாகுமா? பஞ்ச காலத்தில் நெல்லைப் பதுக்கி வைத்து விற்ற வியாபாரியைப் பார்த்து மக்கள் கேட்ட கேள்வியும் இதுவே. நெல்லின் இடத்தில் இன்று விமான இருக்கை இருக்கின்றது. பசியின் இடத்தில், பெற்ற தாயைக் காணும் ஆவல் இருக்கின்றது.

எல்லாத் துன்பங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. முதலில் இயற்கையால் வருபவற்றைப் பிரித்துவிடுவோம். 2010 ஏப்பிரலில் ஐஸ்லாந்தின் எரிமலையொன்று சாம்பலைக் கக்கியபோது ஐரோப்பிய வான்பரப்பின் பெரும்பகுதி சில நாட்கள் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களே இருக்கையில், பனிப்பொழிவினால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் முடங்கிற்று. எரிமலையையும் பனியையும் நாம் நீதிமன்றத்திற்கு இழுக்க முடியாது. ஆயினும், தவறு எவருடையதுமன்று என்பதனாற் கடமையும் எவருக்குமில்லை என்றாகிவிடுமா? ஆகாது என்றே ஐரோப்பிய நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. எரிமலைச் சாம்பலுக்குக் கம்பனி பொறுப்பாகாது. ஆனால், வழியிற் சிக்குண்ட பிரயாணிக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் பொறுப்பிலிருந்து அது தப்ப இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். விபத்து வேறு, விபத்துற்றோரைக் கைவிடுதல் வேறு என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இனி, மனிதர் திட்டமிட்டு ஆக்குகின்றவற்றைக் காண்போம். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் மூவர் மூன்று வெவ்வேறு விலை கொடுத்திருப்பர். தற்செயலாய் நேர்வதன்று இது. அதற்கென ஒரு கணிதமுண்டு. பீ.ஓ.ஏ.சி. என்னும் பிரித்தானிய விமானக் கம்பனியிற் பணியாற்றிய கென் லிற்றில்வுட் என்பார் 1972 இல் அதற்கொரு விதி வகுத்தார். குறைந்த விலைக்கு இப்போது ஓர் இருக்கையைக் கேட்பவருக்கு அதனைக் கொடுப்பதா, அன்றி, கூடிய விலை தரக்கூடிய ஒருவர் பின்னர் வருவார் என்று அதனைக் காத்து வைப்பதா? பின்னர் வருவாரென்பதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதைக் கணித்து, அதற்கேற்ப முடிவு செய் என்பதே அவ்விதி. 1978 இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டமியற்றியது. 1985 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனி, முன்கூட்டி வாங்குவோருக்கு மலிவாகவும் கடைசி நேரத்தில் வருவோருக்குக் கூடுதலாகவும் விற்கும் முறையைக் கணினியின் துணைகொண்டு பெருமளவிற் கையாண்டு வெற்றி கண்டது. இன்று உலகெங்கும் பரவி நிற்பது அம்முறையே.

பழைய முறை பொற்காலமாய் இருந்ததென நாம் கூறவில்லை. 1945 இல் தோன்றிய சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளிற் கம்பனிகள் கூடிக் கட்டணத்தை நிர்ணயித்த காலத்திலே, அக்கட்டணம் நிலையாய் இருந்தது. சாதாரண மனிதனுக்கு எட்டாத உயரத்திலும் இருந்தது. கொழும்பிலிருந்து சீமைக்குப் படிக்கச் சென்றவர்கள் வாரக்கணக்கிற் கப்பலிலேயே சென்றனர். இடையில் ஊர் வருவதென்பது பலருக்குக் கனவிலும் இல்லை. இன்று ஒரு சாரதியும் ஒரு சமையற்காரரும் விமானத்தில் ஏறுகின்றனர் என்றால், விலைகள் தளர்ந்ததும் அதற்கொரு காரணம். இதனை மறைத்து வாதிடுவது நேர்மையன்று.

புதிய முறையை ஆதரிப்போரின் வாதமும் வலுவற்றதன்று. இருக்கைகள் அளவானவை, விரும்புவோர் பலர். எவருக்குக் கொடுப்பதென்பதை ஏதேனும் ஒரு வழியில் முடிவு செய்தே ஆகவேண்டும். முன்யோசனையுடையவன் ஆறு மாதத்திற்கு முன்பே மலிவாக வாங்கட்டும். யோசனையற்றவன் கூடுதலாகக் கொடுக்கட்டும். இதிலே அநீதி எங்கே என்று அவர்கள் கேட்கின்றனர்.

அநீதி 'முன்யோசனை' என்ற அச்சொல்லினுள்ளேதான் ஒளிந்திருக்கின்றது. ஆறு மாதத்திற்கு முன்பே நாளைக் குறிக்க எவரால் முடியும்? தன் நாட்களுக்குத் தானே எசமானாய் இருப்பவராலேயே முடியும். லண்டனில் ஓர் அலுவலகத்திற் கணக்காளராய் இருப்பவர் தை மாதத்திலேயே தம் ஆவணி விடுமுறையை எழுதி வைத்து, அன்றே சீட்டும் வாங்கிவிடலாம். மத்திய கிழக்கு நாடொன்றில் ஒரு வீட்டிற் பணிபுரியும் மட்டக்களப்புப் பெண்ணின் நிலை என்ன? அவளது இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்தாலும், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எசமானி சொன்னால் அவள் காத்திருக்க வேண்டியவளே. அனுமதி கிடைப்பது கடைசி வாரத்தில். அவ்வேளை மலிவான இருக்கைகள் முடிந்திருக்கும். சீட்டுக்கு எசமான் பணம் கொடுக்க வேண்டுமென ஒப்பந்தம் கூறினும், விலை கூடிய காலத்தில் அவளை அனுப்ப அவன் முன்வருவானா? விலை இறங்கும்வரை அவளுடைய பெருநாள் தள்ளிப்போகும். முன்யோசனைக்கான பரிசு என்று கூறப்படுவது, உண்மையில், தன் காலம் தன் கையில் இல்லாதவர்மீது விதிக்கப்படும் தண்டமாகவே முடிகின்றது. கணினிக்கு அவளைத் தெரியாது; அவள்மீது அதற்குப் பகையுமில்லை. ஆயினும், அடிமைப்பட்ட நேரத்திற்குக் கூடிய விலை என்ற முடிவையே அது நாள்தோறும் கணித்துத் தருகின்றது.

இருக்கைகளின் தொகைக்கு மேலாகச் சீட்டு விற்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிலர் வராமல் விடுவர் என்று கணக்கிட்டுக் கம்பனிகள் இவ்வாறு செய்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் யாரோ ஒருவர் இறங்க வேண்டும். யூலியன் சைமன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1968 இல் இதற்கொரு வழி கூறினார். பலவந்தமாக ஒருவரை இறக்குவதைவிட, 'யார் குறைந்த இழப்பீட்டுக்கு விரும்பித் தங்குவீர்?' என்று பிரயாணிகளிடமே கேட்கலாம் என்றார் அவர். பத்தாண்டுகளின் பின்னர் இது அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. பலவந்தத்தினும் இது மேலானதென்பதில் ஐயமில்லை. விருப்புடன் தங்க எவரும் முன்வராதபோது என்ன நேருமென்பதை, 2017 இல் சிகாகோ விமான நிலையத்தில் வயது முதிர்ந்த பிரயாணி ஒருவர் இருக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டபோது உலகம் கண்டது. ஆனால், விருப்புடன் தங்கக்கூடியவர் யார்? நாளை போனாலும் நட்டமில்லாதவரே. பதினைந்து நாள் விடுமுறையில் நாலு நாளை வழியிலேயே இழக்கப்போகும் தொழிலாளிக்கு விற்பதற்கு ஒரு நாளும் இல்லை.

இவை யாவற்றினும் கொடியது மரணச் செய்தி வந்தபின் வாங்கும் சீட்டு. சாவு முன்னறிவித்தல் தந்து வருவதில்லை. தந்தை இறந்த செய்தி கேட்டு அன்றிரவே புறப்படத் துடிப்பவனும், இலாபகரமான பேரம் பேச அவசரமாய்ப் பறக்கும் வர்த்தகனும் கணிதத்தின் கண்ணுக்கு ஒருவரே. இருவரும் கடைசி நேரத்தில் வருபவர். இருவரும் கேட்ட விலை கொடுப்பவர். துயருற்றோருக்குச் சலுகைக் கட்டணம் வழங்கும் வழக்கம் சில கம்பனிகளிடம் இருந்தது. பல அதனைக் கைவிட்டன. கனடாவிலே, பாட்டியை இழந்த ஒருவருக்கு ஒரு கம்பனியின் கணினி உரையாடி அச்சலுகையைப் பற்றித் தவறான தகவல் கொடுத்தது. அதனை நம்பி அவர் முழுக் கட்டணத்தையும் செலுத்தினார். அவ்வுரையாடி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்று கம்பனி வாதாடியது! 2024 இல் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, கம்பனியே பொறுப்பென்றது. இலாபம் தனக்கு, பொறுப்பு இயந்திரத்திற்கு என்ற மனப்பான்மைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்விடத்தில் நம் சினம் எவர்மேற் பாய்கின்றதென்பதையும் ஆராய்தல் நன்று. விமானம் தாமதிக்கும்போது, எதிரே நிற்கும் ஊழியப் பெண்மீதே பிரயாணிகள் சீறுகின்றனர். விலையை விதித்தவள் அவளல்லள். இருக்கைகளைக் கூடுதலாக விற்றவளும் அவளல்லள். பெருநாளன்று தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவந்து வசை கேட்பதற்காக அவளும் கூலி பெறுகின்றாள். இன்னொன்றும் உண்டு. கட்டுநாயக்காவில் இறங்கும் வரிசையிலே, மத்திய கிழக்கிலிருந்து வரும் பெண்கள் கயிற்றாற் கட்டிய பெட்டிகளோடு நிற்பதைக் கண்டு முகஞ் சுளிக்கும் படித்தவர்கள் இருக்கின்றனர். படிவம் நிரப்ப உதவி கேட்டால், கேளாதவர்போல் நகர்வோரும் உளர். அக்கயிற்றுப் பெட்டிக்குள் இருப்பது இரண்டாண்டு உழைப்பு. தமது ஆறு மணித் தாமதத்தை உலகப் பெருந் துன்பமாகக் கொள்பவர், பக்கத்தில் நிற்பவளின் இரண்டாண்டுத் தாமதத்தைக் காணாதிருப்பாராயின், அவருடைய முறைப்பாடு வெறும் எரிச்சலே. தன் துன்பத்தினூடே பிறர் துன்பத்தின் காரணத்தையும் கண்டுகொள்ளும்போதே எரிச்சல் அறச்சீற்றமாக உயர்கின்றது.

ஊர் திரும்புதல் ஓர் ஆடம்பரமா? 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 13 ஆம் உறுப்புரை, எந்நாட்டையும் விட்டு வெளியேறவும் தன் நாட்டிற்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கின்றது. 24 ஆம் உறுப்புரை, சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமையாகவே கூறுகின்றது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1970 இல் நிறைவேற்றிய விடுமுறைச் சமவாயம் ஆண்டிற்கு மூன்று வாரங்களுக்குக் குறையாத ஓய்வைக் கோருகின்றது. ஆனால், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, அவ்வோய்வை எப்போது எடுப்பதென்பதைத் தொழிலாளியைக் கலந்தாலோசித்து எசமானே தீர்மானிப்பான் என்று விட்டுவிடுகின்றது. 2011 இன் வீட்டுத் தொழிலாளர் சமவாயம், கடவுச்சீட்டைத் தன் கையில் வைத்திருக்கும் உரிமை தொழிலாளிக்கே உண்டு என்றது. கட்டார் நாடு, வெளியேறுவதற்கு எசமானின் அனுமதி வேண்டும் என்ற விதியை 2018 இற் பெரும்பாலான தொழிலாளருக்கும், 2020 இல் வீட்டுப் பணியாளருக்கும் நீக்கியது. ஆயினும், வீட்டுப் பணியாளர் 72 மணி நேரத்திற்கு முன் எசமானுக்கு அறிவித்தே புறப்பட வேண்டும். கதவு சிறிது சிறிதாகத் திறக்கின்றது என்பது உண்மை. திறந்த கதவின் வழியே செல்ல நாளும் பணமும் வேண்டும் என்பதும் உண்மை.

நம் நாட்டின் பொறுப்பையும் மறத்தலாகாது. 2020 இல் நோய்ப் பரவல் காரணமாக விமான நிலையம் மூடப்பட்டபோது, மத்திய கிழக்கிலிருந்த நம் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையுமின்றி, வீடு திரும்ப வழியுமின்றி மாதக்கணக்கிற் காத்துக் கிடந்தனர். 2022 இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்தபோது, பணம் அனுப்புங்கள் என்று அவர்களிடமே வேண்டுகோள் விடுக்கப்பட்டது. அவர்களின் பணத்தை வரவேற்கும் நாடு அவர்களின் வரவுக்கும் வழிசெய்ய வேண்டாமா?

கேட்க வேண்டியவை பெரிய காரியங்களல்ல. தொழிலாளரை அனுப்புவதற்கு அரசு பிறநாடுகளோடு உடன்பாடு செய்யும்போது, விடுமுறை நாளை மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டுமென ஒரு விதி சேர்க்கலாம். அந்நாள் எசமானால் மாற்றப்பட்டால், கூடும் கட்டணம் அவனையே சாரவேண்டும். பெற்றோரோ பிள்ளையோ துணையோ இறந்தால், பருவம் எதுவாயினும் நியாயமானதொரு கட்டணத்தில் இருக்கை அளித்தாக வேண்டுமென, நம் விமான நிலையத்தைப் பயன்படுத்தும் கம்பனிகளிடம் அரசு கோரலாம். இவற்றால் எந்தக் கம்பனியும் முறிந்துவிடாது. நெல் வியாபாரமும் எல்லாக் காலத்திலும் கட்டுப்பாடின்றி நடைபெற்றதன்று. பஞ்சத்தில் விலைக்கு வரம்பு வேண்டும் என்று மக்கள் வற்புறுத்தியபோது அரசுகள் இணங்கவே செய்தன.

தன் ஊருக்குப் போக விரும்பும் மனிதன் எதையும் இரந்து கேட்கவில்லை. அவனுடைய ஆவல் எவ்வளவு பெரிதென்று அளந்து பார்த்து விலை கூறுகின்ற ஒழுங்கினை இயற்கையின் நியதி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மனிதர் வகுத்த கணக்கு அது. மனிதராலே திருத்தவும் படலாம்.