வாணிபத்தில் வாய்மை



உயர்வும் தாழ்வும் அல்லாஹுத் தஆலாவின் கையில் உள்ளவை. நாட்களை மக்களிடையே மாறி மாறி வரச் செய்வதாக அவன் தன் திருமறையில் அறிவிக்கின்றான். அமெரிக்காவில் கே மார்ட் என்னும் மலிவு விலைக் கடைகளுக்கு நேர்ந்தது இதற்கொரு சான்று.

1899-ல் செபாஸ்டியன் கிரெஸ்கி என்பவர் டெட்ராய்ட் நகரில் 5 சென்ட்டுக்கும் 10 சென்ட்டுக்கும் சாமான் விற்கும் கடை வைத்தார். அவருடைய கம்பெனியே 1962-ல் மிச்சிகன் மாநிலத்தில் முதல் கே மார்ட்டைத் திறந்தது. துணிமணியும் வீட்டுச் சாமானும் ஒரே கூரையின் கீழ். இலாபம் கொஞ்சம், விற்பனை அதிகம். கடைக்குள் திடீரென நீல விளக்குச் சுழலும். ஏதேனும் ஒரு சாமானின் விலை சில நிமிடங்களுக்கு இறங்கும். மக்கள் ஓடி வருவார்கள். கடைகள் 2000-க்கு மேல் பெருகின.

அதே 1962-ல் வால்மார்ட்டும் பிறந்தது. கம்ப்யூட்டர் கணக்காலும் சீரான கிடங்குகளாலும் வளர்ந்து, 1990-ல் விற்பனையில் கே மார்ட்டை மிஞ்சியது. போட்டியில் பின்தங்குவது பாவமன்று. ரிஜ்கைக் கூட்டுவதும் குறைப்பதும் இறைவனின் நாட்டம்.

ஆனால், 2001-ல் நடந்ததைக் கவனியுங்கள்! தேவைக்கு மேல் சுமார் 85 கோடி டாலருக்குச் சரக்கு வாங்கிக் குவித்தார்கள். பணமுடை வந்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய தொகையை இழுத்தடித்தார்கள். சரக்கு மிகுந்ததற்குப் பருவகால ஏற்ற இறக்கமே காரணம் என்று பங்குதாரர்களுக்கு எழுதினார்கள். இவையெல்லாம் பின்னர் அரசு ஆணையம் தொடுத்த வழக்கில் வெளிவந்தன. 2002 ஜனவரி 22-ல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. பல நூறு கடைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். அன்றைய தலைமை நிர்வாகி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தினார் என்று 2009-ல் ஜூரிகள் முடிவு கூறினர். அமெரிக்கப் பெருநிலத்தில் எஞ்சிய கடைசிப் பெரிய கடையும் 2024 அக்டோபரில் மூடப்பட்டது.

மறைத்ததால்தான் கடை விழுந்தது என்று நான் சொல்லவில்லை. விழுந்தது உலகக் கணக்கு. மறைத்தது மறுமைக் கணக்கு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

நம் வீட்டுக்கு வருவோம். நிக்காஹ் முடிந்து மாதங்கள் ஆகியும் பந்தல்காரருக்கும் பண்டாரிக்கும் பாக்கி இல்லையா? மளிகைக்காரர் வாசலில் நிற்க, 'வாப்பா வீட்டில் இல்லை' என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் செய்ததில்லையா? கடன் ஒன்று, பொய் இரண்டு, அந்தப் பிள்ளைக்குப் பொய்யைக் கற்பித்தது மூன்று! வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி. வசதியில்லையா? நேரில் சென்று உள்ளதைச் சொல்லித் தவணை கேளுங்கள். கஷ்டப்படுபவருக்குத் தவணை கொடுக்கும்படி கடன் கொடுத்தவரையும் திருமறை ஏவுகின்றது. உண்மை பேசுபவனுக்கு மார்க்கம் வழி வைத்திருக்கின்றது, ஒளிபவனுக்கு வைக்கவில்லை.

இன்றிரவு படுக்குமுன் யாருக்கு என்ன பாக்கி என்று எழுதி வையுங்கள். நாளை ஒருவருடைய ஹக்கையேனும் தீருங்கள். பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாகக் கியாமத்து நாளில் நிற்காமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.