கருவியும் கணக்கேடும்

மருத்துவக் கருவியை ஆக்குவது அறிவியல். அஃது எவரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானிப்பது பொருளியல். ஊவாத் தோட்டங்கள் இதற்குச் சான்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியக் கடமைகளைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. நோயாளியின் உடல் தோட்டக் கணக்கேட்டில் ஒரு செலவினமாயிற்று. இன்று பதுளை அரசினர் வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆயினும் லயத்திலிருந்து அங்கு செல்பவள் பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் இழக்கிறாள். இலவச வைத்தியமும் அவளுக்கு விலையுடையதாகிறது.

இது மாற்றவியலாத விதியன்று. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் தோன்றிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம், மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால், போட்டி விலையில் கொள்வனவு செய்து, கொள்கை மாறின் விலையும் மாறும் என்று காட்டியது. அவ்வாறே, கருவி வாங்கும் திட்டத்தில் கொழுந்து பறிப்பவளின் வழிச்செலவும் இழந்த கூலியும் சேர்த்து எழுதப்படல் வேண்டும். அதுவரை அக்கருவி அவளுக்காக வாங்கப்பட்டதாகாது.