வரி குறைந்தால் கும்பிட வேண்டுமா?

ஆடியில் நல்ல காரியம் கூடாது என்ற நம்பிக்கையால் கடைகள் ஈயடித்தன. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஆடித் தள்ளுபடி வந்தது. அட்சய திருதியையன்று தங்கம் வாங்கினால் பெருகும் என்பதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவை நகைக்கடை விளம்பரங்கள். வியாபாரி நாள் நட்சத்திரத்தைப் பயன்படுத்திக்கொள்வது புதிதில்லை. அரசாங்கமும் அதே வழியில் போகும்போது பகுத்தறிவுள்ளவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைக்கக் கவுன்சில் முடிவெடுத்தது 2025 செப்டம்பர் 3 அன்று. அது நடைமுறைக்கு வந்தது 22ஆம் தேதி, நவராத்திரி முதல் நாள். முந்தின நாள் மாலை பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி அதைச் சேமிப்புத் திருவிழா என்றார். 23ஆம் தேதி அமேசானும் ஃப்ளிப்கார்ட்டும் பண்டிகை விற்பனையைத் தொடங்கின. நம் நாசரேத் ஊர்த் தெருக்களிலும் பைக்கில் பார்சல் பை சுமந்த பையன்கள் வீடு வீடாக நின்றார்கள். மக்கள் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன: பண்டிகை, வரிக் குறைப்பு, கம்பெனித் தள்ளுபடி.

பிரித்துப் பார்ப்போம். அதிகம் பேர் தேடி வாங்கியது செல்போன். அதற்கு வரி முன்பும் 18 சதவீதம், பின்பும் 18 சதவீதம். ஒரு பைசா குறையவில்லை. கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டவர்கள் ஸ்டேட்மென்டைத் திறந்து பார்க்கட்டும். வட்டி இல்லை என்று சொல்லி விலையில் கழித்த தொகையை வங்கி வட்டியாகவே வசூலிக்கிறது, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கிறது. வரி குறைந்தது என்று நம்பி வாங்கியவர் புதிதாக ஒரு வரி கட்டியிருக்கிறார்.

உண்மையாகவே குறைந்தவை உண்டு. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18லிருந்து 5க்கு வந்தன. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரியே இல்லை. இவை நல்ல காரியங்கள், மறுக்க மாட்டேன். பெரிய டிவிக்கு 28 போய் 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 50,000 ரூபாய் என்றால், வாங்குகிறவருக்கு 5,000 ரூபாய் மிச்சம். இனி நம் மாவட்டத்துப் பொருளுக்கு வாருங்கள். கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு வரி 12லிருந்து 5 ஆனது. பெட்டி இரண்டு ரூபாய். கணக்குப் போட்டால் குறைய வேண்டியது பன்னிரண்டு பைசா சொச்சம். ஐம்பது பைசாவுக்குக் கீழே செல்லுபடியாகும் நாணயமே நாட்டில் இல்லை.

“வரி கொறஞ்சிட்டுன்னு சொல்லுதாவளே அண்ணாச்சி, தீப்பெட்டி அதே ரெண்டு ரூவாதானா?” என்று பலசரக்குக் கடையில் ஒரு பெண் கேட்டார். “பன்னெண்டு பைசாவ நான் எதுல வச்சுத் தர?” என்றார் கடைக்காரர். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. பெரிய டிவி வாங்குகிறவருக்கு ஐயாயிரம் கைக்கு வருகிறது. உப்பளத்து வேலைக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு பற்றவைக்கிறவருக்குப் பன்னிரண்டு பைசாவும் வருவதில்லை. செலவழிக்க முடிந்தவருக்கே சலுகை என்பது ஏழைக்கான சலுகை ஆகாது. அமெரிக்காவின் டெக்சஸில் 1999 முதல் ஆகஸ்டில் ஒரு வார இறுதிக்கு விற்பனை வரி விடுமுறை விடுகிறார்கள். அங்கே துணிமணி, செருப்பு போன்றவற்றில் ஒரு பொருளின் விலை 100 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பாவது வைத்திருக்கிறார்கள்.

வரியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நாசரேத் ஊர்க்காரர் எவரும் அப்படிச் சொல்லக் கூடாது. தாதுவருஷப் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1878இல் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளி தொடங்கிய ஊர் இது. அப்பால் விருதுநகரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை விதித்துக்கொண்டார்கள். வீட்டுப் பெண்கள் பிடியரிசி எடுத்து வைத்தார்கள். அந்தக் காசில் எழுந்த பள்ளியில்தான் காமராஜர் படித்தார். இன்றும் நம் கோயில் பண்டிகை ஏலத்தில் ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குச் சந்தை விலையைப் போல் பல மடங்கு கொடுத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொதுக் காரியத்துக்குக் கொடுக்க நம்மவர்கள் என்றுமே அஞ்சியதில்லை. எவ்வளவு கொடுத்தோம், எங்கே போனது என்று கேட்கும் உரிமையும் மகமை கட்டியவருக்கு இருந்தது.

ஜிஎஸ்டியில் அந்த உரிமை என்ன ஆனது? வரி குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்று சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்கிறது. குறைக்காத கம்பெனிமீது புகார் கொடுக்க 2017இல் தனி ஆணையமே அமைத்தார்கள். 2022இல் அதைக் கலைத்து வேலையை வேறு அமைப்புக்கு மாற்றினார்கள். கடைசியில் 2025 ஏப்ரல் 1 முதல் அந்தப் பிரிவின் கீழ் புதுப் புகார்களே வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு ஆறு மாதத்துக்குள் இவ்வளவு பெரிய வரிக் குறைப்பு. மிஞ்சியது நுகர்வோர் உதவி எண் 1915 மட்டும்.

எட்டு ஆண்டுகள் சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீதம் கட்டியது நாம்தான். அதைக் குறைத்தது யாரும் தந்த வரம் அல்ல. குறைத்தது எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்கும் கதவை அடைத்துவிட்டு நம்மைக் கொண்டாடச் சொல்கிறார்கள். தூத்துக்குடித் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், 171ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பாராளுமன்றத்தில் பேசுவீர்களா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பற்பசையின் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.