பழைய படமும் புதிய கண்ணும்

கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். அம்மலை மீதுள்ள வாசலூர்பட்டியில் ஒரு மாலைப் பொழுது. படகுக் குழாமைக் காண வந்த கூட்டம் மலை இறங்கிவிட்டது. நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஆறேழு இளைஞர்கள் கைப்பேசி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தனர். படம், 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்'.

எம். ஆர். இராதா பேசுகிறார். திண்ணை சிரிப்பால் அதிர்கிறது. பக்தி வேடத்தைக் கிழிக்கிறார்; பணத்திமிரைக் கிழிக்கிறார்; இடையிலே தன்னைத்தானே கிழித்துக்கொள்கிறார். எழுபது ஆண்டு கழிந்த பின்னும், அவர் காலத்தில் பிறவாத பிள்ளைகள் அவர் குரலுக்குச் சிரிக்கிறார்கள். இதைவிடக் கலைஞன் ஒருவனுக்கு வேறு என்ன பரிசு வேண்டும் என்று எண்ணி நானும் மகிழ்ந்தேன்.

அப்போது, சிரிக்காமல் அமர்ந்திருந்த ஒரு பெண், பதினேழு வயதிருக்கும், மெல்லக் கேட்டாள்:

"ஐயா, இவர் கெட்ட வழியில் போனதால்தான் இந்த நோய் வந்தது என்று படம் சொல்கிறதா? அப்படியானால் எங்கள் ஆயா என்ன கெட்ட வழியில் போனார்?"

சிரிப்பு நின்றது. அவள் பாட்டிக்குத் தொழுநோய் வந்து, மருந்துண்டு, குணமாகி, பல ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். நோய் போயிற்று, பெயர் போகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இன்றும் அவருக்கு இலை தனியாகத்தான் விழுகிறதாம்.

தோழர்களே! பழைய படங்கள் இக்காலத்துக்கு நிற்குமா என்ற கேள்வியைப் பலர் பொழுதுபோக்காகப் பேசுவார்கள். அந்தத் திண்ணையில் அது பொழுதுபோக்காக இல்லை. ஒரு மூதாட்டியின் மானம் அதில் அடங்கியிருந்தது.

இந்தக் கேள்விக்கு விடை கூறும் இரு சாராரை நாம் அறிவோம்.

ஒரு சாரார் பழமையை எள்ளுவோர். "கறுப்பு வெள்ளைப் படமா? நாடக நடிப்பா? மூச்சு விடாமல் வசனமா? யார் பார்ப்பது?" என்பர். மறு சாரார் பழமையைத் தொழுவோர். "அந்தக் காலத்துப் படம் போல இனி வருமா? அதில் குறை காண நீ யார்?" என்பர். முன்னவர் பார்க்காமலே தள்ளுகிறார். பின்னவர் பார்க்காமலே கும்பிடுகிறார். இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இருவருமே சிந்திக்க மறுக்கிறார்கள்.

முதலில் எள்ளுவோருக்கு விடை கூறுவோம்.

வசனம் நீளம் என்கிறீர்கள். ஏன் நீண்டது என்று எண்ணிப் பார்த்தீர்களா? 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. ஏடு அவர்களுக்கு எட்டாதது. மேடை எல்லா ஊருக்கும் வராதது. நாலணா கொடுத்தால் கூடாரக் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து கேட்கக்கூடியது படம் ஒன்றே. எழுத்தறியாதவனுக்கு அதுவே ஏடு, அதுவே மேடை. 1952இல் தீபாவளி நாளில் வந்த 'பராசக்தி'யில், கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தைச் சிவாஜி கணேசன் நீதிமன்றக் கூண்டில் நின்று முழங்கியபோது, மக்கள் கேட்டது ஒரு கதாபாத்திரத்தின் வாக்குமூலம் மட்டுமன்று. வழக்காட வக்கீல் இல்லாத ஏழை எளியோரின் வாக்குமூலம் அது. வைதீகர் சும்மாவா இருந்தனர்? படத்தைத் தடை செய்க என்று கூச்சலிட்டனர்! வெறும் நீள வசனத்துக்காகவா அந்தக் கூச்சல்?

நீண்ட பேச்சு தமிழ்ப் படத்துக்கு மட்டும் உரிய குறையுமன்று. பேசாப் படத்தின் பேரரசர் சார்லி சாப்ளின், 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். அதன் முடிவில் நாவிதன் ஒருவன் சர்வாதிகாரியின் உடையில் நின்று பல நிமிடம் மனித நேயம் பேசுகிறான். கலைக்கு அது பொருந்தவில்லை என்று அன்றே சிலர் குறை கூறினர். குறை கூறியவர் பெயர்கள் மறைந்தன. அந்தப் பேச்சை உலகம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏன்? அது எதிர்த்த கொடுமை இன்னும் சாகவில்லை.

ஆகவே ஒரு படம் நிற்குமா வீழுமா என்பதை அதன் நிறத்தைக் கொண்டோ நீளத்தைக் கொண்டோ அளத்தல் பொருந்தாது. அது எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறதா? அதற்கு அது தந்த விடை நேர்மையானதா? இவ்விரண்டே உரைகல்.

கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சென்றால் சேலம் தொலைவன்று. அங்கே டி. ஆர். சுந்தரம் நிறுவிய 'மாடர்ன் தியேட்டர்ஸ்', நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 1950இல் அங்கே உருவானது 'மந்திரிகுமாரி'. குண்டலகேசியின் கதையைத் தழுவிக் கலைஞர் எழுதியது. மலையுச்சிக்கு மனைவியை அழைத்துச் சென்று தள்ளிக் கொல்ல நினைக்கிறான் கொடியவன் ஒருவன். அவள், சாகும் முன் கணவனை வலம் வருவதாகக் கூறிச் சுற்றி வந்து, அவனையே தள்ளிவிடுகிறாள். "கல்லானாலும் கணவன்" என்று போதித்த நாட்டிலே, வலம் வருதல் என்ற அடிமைச் சடங்கையே அவள் ஆயுதமாக்கினாள். ஆண்டு பல கடந்தும் அந்தக் காட்சி மங்கவில்லை. கணவன் கையால் மனைவி சாகும் செய்தி நாளேட்டில் வரும் வரையில் அது மங்காது.

அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949இல் வந்தது. அதிலே பெருநிலக்கிழாரின் ஆணவத்தைக் காண்கிறோம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு வளர்ந்த இளைஞனுக்கு, அந்த ஆணவத்தின் பாதி புரியாது. புரியாமல் போனதற்காக நாம் வருந்துவோமா? இல்லை, மகிழ்வோம்! நோய் தீர்ந்தால் மருந்துச் சீட்டு பழந்தாள் ஆவதுதானே முறை? சீர்திருத்தப் படம் ஒன்று காலாவதியாவதே அதன் வெற்றி. ஆனால் அதே படத்தில், வேலைக்காரப் பெண்ணைச் செல்வர் மகன் மணக்க முற்படும்போது குலமும் குடிப்பெருமையும் குறுக்கே நிற்கின்றன. அந்தப் பகுதி காலாவதியாயிற்றா? 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உடுமலைப்பேட்டையின் நடுத்தெருவில், பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 'வேலைக்காரி' இன்னும் பழைய படம் ஆகவில்லை. அது படத்தின் பெருமை, நாட்டின் சிறுமை!

இனித் தொழுவோரிடம் வருவோம். அவர்களில் நம்மவரும் உண்டு என்பதால் இதனைக் கூடுதல் கவனத்துடன் கூற வேண்டும்.

'இரத்தக்கண்ணீர்' நம் இயக்கத்தின் படம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், இராதாவின் உயிர் நடிப்பு. அதன் முடிவிலே நாயகன், தன் மனைவியை மறுமணம் செய்துகொள்ளுமாறு தன் நண்பனிடம் வேண்டுகிறான். கணவன் உயிரோடிருக்கும்போதே மனைவிக்கு மறுவாழ்வு! அன்றைய நாட்டில் அதைத் திரையில் காட்ட எத்தனை துணிவு வேண்டும்! அந்தத் துணிவுக்கு நம் வணக்கம் என்றும் உண்டு.

ஆனால் நோய்? தாயை அவமதித்தான், மனைவியைத் துறந்தான், தாசி வீட்டில் கிடந்தான், உடல் அழுகிற்று. இதுதான் பார்ப்போர் நெஞ்சில் பதியும் கணக்கு. 'செய்த வினைக்குக் கிடைத்த கூலி' என்று வைதீகன் கூறுவானே, அதே கணக்கு! ஊழையும் வினைப்பயனையும் வாசலில் நின்று விரட்டிய நாம், கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துவிட்டோமே!

உண்மை என்ன? தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதை 1873இல் கண்டறிந்தார். பாவத்தால் அது வருவதில்லை; பரம்பரையாக வருவதில்லை; தாசி வீட்டில் பிறப்பதில்லை. மருத்துவம் பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவோரில், எதிர்ப்பாற்றல் இல்லாத சிலருக்கே அது தொற்றும். பெரும்பாலோர் உடலில் அதைத் தடுக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் தீரும். அந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் என்ன? நோயாளிகளைப் பிரித்து அடைக்க வெள்ளையர் ஆட்சி 1898இல் இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி 2019இல்தான் நீங்கியது. கிருமியைக் கொல்ல ஓராண்டு போதும். அது பற்றிய பொய்யைக் கொல்ல நூறாண்டு போதவில்லை.

தாசியின் கதையும் அப்படியே. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றோரின் நெடும் போராட்டத்தின் பயனாக, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது. குற்றவாளி முறையா, அதில் சிக்கிய பெண்ணா என்ற கேள்விக்கு அன்றே நாடு விடை கண்டது. படமோ ஆணின் வீழ்ச்சிக்குக் கண்ணீர் விடுகிறது. அவளுக்கு வசைமாரி பொழிகிறது. அவளை அந்த வீட்டில் பிறப்பித்த சமுதாயத்தைக் கேட்க மறந்துவிடுகிறது.

"அன்று அவ்வளவுதான் தெரியும்; இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய கலையை அளப்பது அநீதி" என்று நண்பர்கள் கூறுவர். இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மனிதரை மன்னிக்க அது போதும். கருத்தை மன்னிக்கப் போதாது. ஹான்சன் கண்டறிந்து எண்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படம் இது. மேலும், "அந்தக் காலத்துக்கு அது சரி" என்பதுதானே மனுநீதிக்கு வைதீகன் கூறும் சமாதானம்? அவனிடம் ஏற்காத வாதத்தை நமக்காக மட்டும் ஏற்கலாமா? சொன்னவர் யார் என்று பாராமல் சொல்லின் மெய்ம்மையைப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். தான் சொல்வதையும் ஆராயாமல் ஏற்காதே என்றார் பெரியார். நம்முடைய படம் என்பதற்காக நாமே ஆராயாது விட்டால், அந்த அறிவுரை யாருக்கு?

சாப்ளின் இதற்கும் வழிகாட்டுகிறார். 1964இல் வெளியிட்ட தன்வரலாற்றில், நாஜி முகாம்களில் நடந்த கொடூரம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் படத்தைத் தம்மால் எடுத்திருக்க முடியாது என்று அவரே எழுதினார். உலகம் கொண்டாடும் தம் படைப்பைப் புதிய உண்மையின் முன்னே நிறுத்திப் பார்க்க அவர் அஞ்சவில்லை.

அப்படியானால் 'இரத்தக்கண்ணீரை' ஒதுக்கிவிடுவதா? அல்ல. வேரே நஞ்சான படமும் உண்டு. கிளை பட்டுப்போன படமும் உண்டு. 1915இல் அமெரிக்காவில் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' தொழில்நுட்பத்தில் முன்னோடி. கருத்திலோ, கறுப்பின மக்களை வேட்டையாடிய கூ கிளக்ஸ் கிளானை வீரராகப் போற்றிய படம். அவ்வாண்டிலேயே அந்தக் கொலைக்கூட்டம் புத்துயிர் பெற்றது. அங்கே அழுகியது வேர். 'இரத்தக்கண்ணீரின்' வேர் மனித விடுதலை. பட்டுப்போனது ஒரு கிளை. பட்ட கிளையைக் காட்டுவது மரத்தைப் பழிப்பது ஆகாது.

வெட்டுக, தடை செய்க என்றும் நாம் கேட்கமாட்டோம். 'பராசக்தி'க்குத் தடை கேட்டவர் வழி நம் வழியன்று. படத்தை முழுதாகக் காட்டுவோம்; முடிந்ததும் விளக்கை ஏற்றிப் பேசுவோம். இராதாவின் பேச்சுக்குச் சிரித்த அதே திண்ணையில், அந்தப் பெண் கேட்ட கேள்விக்கும் இடம் கொடுப்போம். மன்றங்கள் தோறும், படிப்பகங்கள் தோறும், பழைய படத்தை இப்படிக் காண்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

கொல்லிமலைக்கு ஒரு பழங்கதை உண்டு. கொல்லிப்பாவை என்றொரு பதுமையாம். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் எழில் குன்றாததாம். அதன் சிரிப்பில் மயங்கி அருகே சென்றவன் மீள்வதில்லையாம். சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மலைமேல் இன்று கோயிலும் இருக்கிறது. அழியா அழகு என்று எதையேனும் நம்பி அறிவை அடகு வைப்பவனுக்கு நேரும் கதியையே அந்தக் கதை கூறுவதாக நான் கொள்கிறேன். திரையில் சிரிக்கும் பாவைக்கும் அது பொருந்தும்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம் நான் கூறிய விடை இதுதான்: "அம்மா, உன் ஆயா எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு படத்தில் இருக்கிறது."

அவள் தலையசைத்தாள். பிறகு, "படத்தை நிறுத்தியது ஏன்? போடுங்கள், மீதியையும் பார்ப்போம்" என்றாள்.

படம் தொடர்ந்தது. அவளும் இரண்டோர் இடத்தில் சிரித்தாள்.

அடுத்த கல்யாணப் பந்தியில், அந்த மூதாட்டிக்கு அருகே தம் இலையைப் போட்டு அமரப் போகிறவர் யார் என்று அந்த இளைஞர்களைக் கேட்டுவிட்டு மலை இறங்கினேன். அதே கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன், தோழர்களே.