புழுவும் குளவியும்

வண்ணத்துப்பூச்சியை வெறுப்பவரை நாம் இதுவரை கண்டதில்லை. புழுவை விரும்புபவரையும் அவ்வளவாகக் கண்டதில்லை. இரண்டும் ஒரே உயிர் என்பது பள்ளிப் பாடத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆயினும் நம் விருப்பும் வெறுப்பும் அந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

நம் வீட்டுக் கிணற்றடியில் ஓர் எலுமிச்சைச் செடி நிற்கிறது. ஊறுகாய்க்கென்று வைத்த செடி. மழைக்குப் பின் அது துளிர்விட்டால் போதும், கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்கிறது. எலுமிச்சை அழகி என்பது அதன் பெயர். கசகசா அளவிலான மஞ்சள் முட்டைகளைத் துளிர்களில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, பார்ப்பதற்குப் பறவையின் எச்சம் போலவே இருக்கும். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தித் தின்னாதல்லவா? வளர வளர அது தோல் உரித்து, இலையின் பச்சை நிறத்தைப் பெறுகிறது. தொட்டால் தலைக்குப் பின்புறமிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கொம்பு போன்ற இரு கிளைகளை நீட்டி ஒருவகை நெடியைப் பரப்பும். அந்த எளிய உயிரிடம் உள்ள ஆயுதம் அவ்வளவே.

பல்லியும், எறும்பும், தவிட்டுக்குருவியும் அந்த ஆயுதத்திற்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. காலையில் எண்ணிய புழுக்கள் மாலையில் குறைந்திருக்கும். ஓர் ஆண்டு நமக்கு மனம் பொறுக்கவில்லை. எஞ்சியிருந்த நான்கு புழுக்களை எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இட்டு, வாயைக் கொசுவலைத் துண்டால் கட்டி, நாள்தோறும் புதிய இலை கொடுத்து வளர்த்தோம். நாம் காணும் முன்பே செடியிலேயே கூட்டுப்புழுவாகியிருந்த இரண்டைக் கிளையோடு வெட்டி எடுத்து வேறொரு பாட்டிலில் வைத்தோம். வளர்த்த நான்கும் தம் இடையில் ஒரு பட்டு நூலைக் கச்சை போலக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுக்களாயின. பத்து நாட்களுக்குள் நான்கிலிருந்தும் வண்ணத்துப்பூச்சிகள் வெளிவந்தன. கசங்கிய ஈரத்துணி போலிருந்த சிறகுகள் உடலின் நீர் பாய்ந்து மெல்ல விரிவதையும், பின்னர் உலர்ந்து விறைப்பதையும் வீட்டார் அனைவரும் சுற்றி நின்று பார்த்தோம். ஏதோ திருவிழிப்பு வழிபாட்டிற்கு வந்தவர்களைப் போல எவரும் உரக்கப் பேசவில்லை.

மற்ற இரண்டும் பழுப்பேறி அசையாமல் கிடந்தன. ஒரு நாள் காலையில் அவற்றின் மேல் ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள் தெரிந்தன. பாட்டிலுக்குள் எறும்பினும் சிறிய குளவிகள் பல பத்து, மினுமினுத்தபடி கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. புழு தன் கடைசித் தோலை உரிக்கும் நேரத்திற்காகத் தாய்க்குளவி அருகிலேயே காத்திருக்கும். உடல் இறுகுமுன் அதில் முட்டைகளை இட்டுவிடும். அக்குஞ்சுகள் கூட்டுப்புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெறும் ஓட்டை விட்டு வெளியேறும்.

நாம் செய்ததை மறைப்பதற்கில்லை. அடுப்பில் இருந்த வெந்நீரை எடுத்து அந்தப் பாட்டிலில் ஊற்றினோம். இரக்கத்தில் தொடங்கிய வேலை வெந்நீரில் முடிந்தது. அன்று முழுவதும் நாம் ஒரு நியாயம் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்; இரவு செபத்தின்போதுதான் மனம் இடறிற்று.

இந்தக் குளவிகள் பெரியவர்களையும் இடறச் செய்தவை. இளமையில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகும் எண்ணத்துடன் கேம்பிரிட்ஜில் பயின்றவர் சார்லஸ் டார்வின். அவர் 1860இல் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாருக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்பதற்கென்றே இத்தகைய குளவிகளை அன்பும் ஆற்றலும் நிறைந்த கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்றார். இக்கேள்வியை இறைமறுப்பு என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. யோபுவும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார். அவருக்குச் சூறாவளியினின்று கிடைத்த விடையோ நம்மைப் போன்றோரை ஆற்றுவதற்காகச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. சிங்கத்திற்கு இரை தேடித் தருவது யார், காக்கைக் குஞ்சுகளுக்கு உணவளிப்பது யார் என்று கேட்கும் இறைவன், கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுவதையும் மறைக்காமல் சொல்கிறார். இரையானவற்றின் சார்பில் அங்கே விளக்கம் ஏதும் இல்லை. ஆனால் நம்மைப் போல் வெந்நீரும் இல்லை.

நாம் நின்றது புழுவின் பக்கமா, அழகின் பக்கமா? இவற்றைப் போன்ற ஒட்டுண்ணிக் குளவிகளை நம் உழவர் விலை கொடுத்து வாங்குகின்றனர். கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக ட்ரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டை அட்டைகளைத் தோகைகளில் கட்டி விடுகின்றனர். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை நாற்று வளர்ப்பவருக்கு நம் அழகி ஒரு பகைவி. இளஞ்செடியை மொட்டையாக்குவது அவள் பிள்ளைதான். நம் பாட்டிலைக் கண்டால் அவர் சிரித்திருப்பார். ஊறுகாய் கடையில் கிடைப்பதால்தான் நம்மால் இரக்கம் காட்ட முடிந்தது.

ஞானியருங்கூடப் புழுவைக் கண்டதும் சிறகையே நினைக்கின்றனர். அவிலா நகர்ப் புனித தெரேசா 1577இல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’யில், ஆன்மாவைப் பட்டுப்புழுவுக்கு ஒப்பிட்டு, அது தன் கூட்டில் மடிந்து வெண்ணிற வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும் என்கிறார். தாம் அதை நேரில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்று அவரே ஒளிவின்றிச் சொல்லிவிடுவது நமக்கு மிகவும் பிடித்த இடம். பார்த்திருந்தால், பட்டு நூற்பவர்கள் அந்தப் பூச்சியை வெளிவர விடுவதில்லை என்பதையும் அறிந்திருப்பார். கூடு வெந்நீரில் போகிறது. நம் இல்லத் திருமணங்களின் காஞ்சிப் பட்டு அப்படி வந்ததே.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இவ்வகையில் தனியானவர். வழியில் கிடக்கும் புழுக்களை, நடப்போர் மிதித்துவிடாதபடி எடுத்து ஓரமாக விட்டார் என்று அவர் வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். அவை வண்ணத்துப்பூச்சிகளாகும் என்பதற்காக அன்று. 22ஆம் திருப்பாடலில் துன்புறுவோன் தன்னை மனிதனல்ல, புழு என்கிறான். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது கதறியது அத்திருப்பாடலின் முதல் அடியையே. ஆகவே பிரான்சிசுக்குப் புழு புழுவாகவே போதுமானதாயிருந்தது. அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், பிற உயிர்கள் நமக்குப் பயன்படுவதால் அன்றி, இறைவனின் கண்களில் தமக்கெனவே மதிப்புடையவை என்று கற்பித்ததும் இதை ஒட்டியதே.

ஒரு பழைய நினைவும் இங்கே வந்து நிற்கிறது. நாம் உறுப்பினராயிருந்த ஓர் உதவிக் குழுவில், ஓராண்டு இருந்த தொகை ஒருவருக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. நல்ல மதிப்பெண் பெற்ற, தெளிவாகப் பேசக்கூடிய ஒரு மாணவி விண்ணப்பித்திருந்தாள். காலில் புண்ணோடு, எதற்கெடுத்தாலும் ஏசும் முதியவர் ஒருவரும் கேட்டிருந்தார். ‘இவள் முன்னுக்கு வருவாள்’ என்று ஒருவர் சொன்னார்; அனைவரும் தலையசைத்தோம். அந்த முடிவு தவறென்று இன்றும் சொல்லமாட்டோம். அப்பெண் நன்றாகவே வாழ்கிறாள். ஆனால் முதியவருக்கு எதிராக எவரும் சொன்ன காரணம், அவருக்குத் தேவையில்லை என்பதன்று. அவரிடமிருந்து இனி எதுவும் வெளிவரப் போவதில்லை என்பதே. அவருடைய புண்ணைக் குறித்து அன்று யாரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

பாட்டில் இப்போது பரணில் கிடக்கிறது. செடியைச் செடியின் போக்கிலேயே விட்டுவிட முடிவு செய்திருக்கிறோம். இம்முறை மழைக்குப் பின் ஏழு முட்டைகளை எண்ணினோம். புழுக்களாக இன்று எஞ்சியிருப்பவை மூன்று. நேற்று மாலை பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் கிணற்றடியைக் கடந்தபோது, பருத்த புழு ஒன்றின் அருகே ஏதோ சிறிதாக வட்டமிடுவதைக் கண்டோம். கை தானாகவே எழுந்து அதை விரட்டியது. அது குளவிதானா, வெறும் ஈயா என்றுகூட நாம் பார்க்கவில்லை.